வெள்ளி என்றார், சைபர் போட்டேன்

1. பஞ்சு

பெட்டி வந்த முதல் நாள், எங்கள் பிசியோதெரபி அறைக்கு வெளியே வாங்கில் இருந்த ஆறு வயதானவர்களில் நான்கு பேர் எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெட்டியில் பிழையில்லை. பிழை என்னில்தான். அட்டென்டன் ரமீஸாவைக் கூப்பிட்டு, "வெளிய இருக்கிற ஆக்களுக்கு என்ன செய்யப்போறம் எண்டு கொஞ்சம் விளங்கப்படுத்து" என்று சொல்லி அனுப்பினேன். அவள் போய் நின்று, "ஒண்டுக்கும் பயப்படாதீங்க, மண்டைக்குக் கரண்ட் வெக்கப்போறாங்க, அவ்வளவுதான்" என்றாள். அதற்குப் பிறகு யார் இருப்பார்கள்?

எங்கள் பக்கத்தில் தலைக்குக் கரண்ட் என்றால் புத்தி பேதலித்தவர்களுக்குக் கொடுக்கிற ஷொக் என்றுதான் அர்த்தம். அதைச் சொன்னால் ரமீஸா சண்டைக்கு வந்தாள்.

"நான் என்னத்தப் பிழையாச் சொன்ன மிஸ்? கரண்ட்தானே?"

"கரண்ட்தான். ஆனா அந்தச் சொல்லை இனி இந்த அறைக்குள்ள எடுத்தியோ, ஒன்ட மண்டைக்குத்தான் முதல்ல வெப்பன்."

முப்பத்தொரு வருடம் பிசியோவாக வேலை செய்து அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். ஊர் காரைதீவு. கடைசிப் பதினாறு வருடம் கல்முனைக் கரையில் ஓர் ஆஸ்பத்திரியில். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் சிலர், "உங்கட நல்ல கேஸ் ஒண்டை எழுதித் தாங்க மிஸ்" என்று கேட்டார்கள். நல்ல கேஸை எல்லோரும் எழுதுவார்கள். நான் என் பிழையை எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. கைக்குள் அடங்கக்கூடியது. உள்ளே பற்றரி. அதிலிருந்து இரண்டு வயர், வயர் முனையில் இரண்டு ரப்பர் பேட், பேட்டைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சைச் சேலைன் உப்புநீரில் நனைத்து நெற்றிக்கு மேலே இரண்டு பக்கமும் வைத்துப் பட்டியால் கட்டுவோம். இருபது நிமிடம். ஷொக்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கரண்ட் அவ்வளவு மெல்லியது. தொடக்கத்தில் எறும்பு ஊருவது போலக் கொஞ்சம் கூசும், பிறகு அதுவும் தெரியாது. வலிப்பு உள்ளவர்களையும் தலைக்குள்ளோ நெஞ்சிலோ கருவி வைத்தவர்களையும் சேர்க்கமாட்டோம்.

எதற்கு இது? வயதானவர்கள் விழுவது கால் பலவீனத்தால் மட்டும் இல்லை. நடந்துகொண்டிருக்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்டுப்பாருங்கள். சிலர் நின்றுதான் பதில் சொல்வார்கள். நடக்கவும் யோசிக்கவும் ஒரே நேரத்தில் மூளையால் முடியவில்லை. அப்படியானவர்கள்தான் அதிகம் விழுகிறவர்கள். மூளையின் முன்பக்கத்தை மெல்லத் தட்டிவிட்டபடி, நடையும் கணக்குமாக இரண்டு வேலையைச் சேர்த்துப் பழக்கினால் நடையும் நினைவும் தேறுமா என்று பார்ப்பதுதான் ஆய்வு. பாதிப் பேருக்கு உண்மைக் கரண்ட். மற்றவர்களுக்குப் பொய்க் கரண்ட்: பெட்டி அரை நிமிடம் கூசவைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நின்றுவிடும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் தந்த இலக்கத்தைப் பெட்டியில் அமத்துவது மட்டும்தான் என் வேலை. இதையெல்லாம் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவோம்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் ஓர் இளம் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கெட்டிக்காரர், அவசரக்காரர்.

அன்றிலிருந்து நாங்கள் கரண்ட் என்று சொல்லவில்லை. பஞ்சு வைக்கிறது என்றோம். ஒரு கிழமைக்குள் ஊரெல்லாம் பஞ்சுக் கிளினிக் என்று பெயர் பரவி, போனவர்களும் திரும்பி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் தலைக்கு நன்றாக எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வருவதுதான் மரியாதை என்பதால், எல்லோரும் எண்ணெய் வடிய வந்தார்கள். எண்ணெய்க்கு மேல் பஞ்சு பிடிக்காது. ரமீஸா ஷாம்பூவோடு குழாயடியில் நின்றாள்.

2. ஓவசியர்

ஆதம்பாவா ஓவசியருக்கு ஊர் சாய்ந்தமருது. நீர்ப்பாசனத்தில் ஓவசியராக இருந்து பென்சன் எடுத்தவர். இறக்காமத்துப் பக்கத்து வாய்க்கால்களெல்லாம் அவர் நடந்து அளந்தவை. வயது எழுபத்து நான்கு. மனைவி மௌத்தாகி மூன்று வருடம். மகள் பரீனாவின் வீட்டில் இருந்தார். பரீனா கணக்கு டீச்சர்.

அதிகாலைச் சுபஹுத் தொழுகையில், நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்பும்போது சரிந்து, பக்கத்தில் நின்றவர் மேல் விழுந்திருக்கிறார். எலும்பு தப்பியது. அதற்கு முன் வீட்டு முற்றத்தில் இரண்டு தடவை விழுந்திருந்தார், இரண்டு தடவையும் கிறுகும்போது. நேரே நடக்கிற மனிதருக்குத் திரும்பத்தான் கஷ்டம்.

விழுந்தது மட்டுமென்றால் இவ்வளவு பதற்றம் இருந்திருக்காது. நோன்புக்கு முன்னால் மக்காவுக்கு உம்றா போகிற ஒரு கூட்டத்தோடு பரீனாவின் கணவர் பேர் கொடுத்திருந்தார். மாமாவையும் கூட்டிக்கொண்டு போவது அவர் விருப்பம். ஓவசியருக்கோ, பென்சன் எடுத்த நாள் முதல் மக்கா போகவேண்டும் என்பதுதான் நினைப்பு. மனைவி படுக்கையில் விழுந்ததால் தள்ளிப்போனது, பிறகு மனைவியின் மௌத்து. இந்த முறை விட்டால் இனிக் கால் இடம் கொடுக்காது என்று அவருக்குத் தெரியும்.

பரீனா என்னிடம் நேரே சொன்னார். "மிஸ், அங்க லெட்சக்கணக்கான சனம். வாப்பா விழுந்தா மிதிச்சிருவாங்க. வழி மாறிப்போனா நாங்க எங்க தேடுற? காலும் சரி, மூளையும் சரி எண்டு நீங்க கடிதம் தந்தா அனுப்புவன். இல்லாட்டி இல்ல."

ஓவசியர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா மிஸ், இவள் எனக்கு டெஸ்ட் வெக்கிறாள். நான் இவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்த ஆள்."

"வாய்ப்பாடு சொல்லிக் குடுத்த நீங்க வீட்டு முத்தத்தில ஏன் விழுறீங்க?" என்றேன்.

"முத்தம் சரியில்ல" என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

3. அந்த வியாழக்கிழமை

பஞ்சு வைப்பதற்கு முன் ஞாபக டெஸ்ட் ஒன்று எடுக்கவேண்டும். கிழமை, திகதி, ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைப்பது, மூன்று சொல்லைச் சொல்லிக்கொடுத்துப் பிறகு கேட்பது, ஒரு படத்தைப் பார்த்து வரைவது. பகலில், அமைதியான அறையில் எடுக்கவேண்டியது. நான் அப்படி எடுக்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்கக் கிளினிக்கில் தலை நிமிர்த்த நேரமில்லை. பரீனாவுக்குப் பாடசாலையில் பரீட்சைக் கடமை, வாப்பாவைக் கூட்டிவர ஆளில்லை. வியாழன் பின்னேரம் டொக்டர் போன் எடுத்தார். "நாளைக்குக் காலமை அவற்ற டெஸ்ட் தாள் என்ர கையில இருக்கவேணும் மிஸ். இல்லாட்டி அவரைச் சேர்க்கேலாது."

வீட்டுக்குப் போகிற வழிதானே என்று ஸ்கூட்டியைச் சாய்ந்தமருதுக்குள் திருப்பினேன். பொழுதுபட்டு, மஃரிப் தொழுகை முடிந்து ஓவசியர் அப்போதுதான் பள்ளிவாசலிலிருந்து வந்து கதிரையில் அமர்ந்தார். உள்ளறையில் யாரோ ஓதிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பசி, களைப்பு. தாளை மடியில் வைத்துத் தொடங்கினேன்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

பேனையை நிறுத்தினேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"வெள்ளிதான் மிஸ்."

"என்ன திகதி?"

"ஒண்டு. இப்பதானே பிறந்திரிக்கு."

வியாழக்கிழமையை வெள்ளி என்கிறார். மாதம் பாதிக்கு வந்துவிட்டது, ஒன்று என்கிறார். யாரோ பிறந்திருக்கு என்று வேறு சொல்கிறார். எங்கேயோ பிள்ளை பிறந்த கதைக்குப் போய்விட்டார், மனிதருக்குத் தடம் மாறத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு கட்டத்திலும் சைபர் போட்டேன்.

நான் சைபர் போட்டதை அவர் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கண் என் பேனையை விட்டு அசையவில்லை. ஏழு ஏழாகக் குறைக்கும்போது நடுவில் நின்றுவிட்டார். மூன்று சொல்லில் ஒன்றுதான் வந்தது. வரைந்த படத்தில் கோடுகள் சேரவில்லை. எல்லாம் கூட்டினால் கவலைப்படவேண்டிய மார்க்.

திரும்பும்போது வாசல் படலையடியில் பரீனாவிடம் சொன்னேன். "என்ன கிழமை, என்ன திகதி எண்டே வாப்பாக்குத் தெரியல்ல புள்ள. மறதி தொடங்கிட்டுப்போல."

பரீனா ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எங்களுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. என் குரலும் சின்னக் குரல் இல்லை.

4. இடப்பக்கம்

பத்துத் தடவை பஞ்சு வைத்தோம். நடுவில் லீவு நாட்களும் டொக்டர் கொழும்புக்குப் போன நாட்களும் வந்து, ஒரு மாதத்துக்கு மேல் இழுபட்டது.

மக்காவில் கஃபாவைச் சுற்றி வருகிற தவாஃபுக்கு ஏழு சுற்று என்பதால் நானும் அதையே பயிற்சியாக்கினேன். அறையின் நடுவில் நான்கு கதிரையைச் சேர்த்து வைத்து, தலையில் பஞ்சும் இடுப்பில் பெட்டியுமாக அவற்றைச் சுற்றி அவரை நடக்கச்செய்தேன். எத்தனையாவது சுற்று என்று அவர் எண்ணவேண்டும். நடுவில் நான் வேறு கதை கொடுப்பேன், குளத்தின் பேர், வாய்க்காலின் பேர் என்று. கதைத்துக்கொண்டே எண்ணையும் விடாமல், காலையும் விடாமல் வரவேண்டும். ரமீஸா பின்னால் கை விரித்தபடி போவாள்.

வழக்கமாக இரண்டு பக்கமும் கிறுகவைப்போம். ஓவசியர் இடப்பக்கம்தான் கிறுகுவேன் என்று நின்றார். "தவாஃப் இடப்பக்கம்தான் மிஸ். வலப்பக்கம் எனக்கு என்னத்துக்கு?"

"ஒங்கட கிணத்தடி வலப்பக்கம். அங்க போக வேணாமா?"

அரை மணி நேரம் தர்க்கம். கடைசியில் ஐந்து இடம், இரண்டு வலம் என்று ஒப்பந்தம். எனக்கு அது தோல்விதான்.

நடை தேறியது. கிறுகும்போது சுவரைப் பிடிப்பதை விட்டார். ஆனால் ஆள் ஒடுங்கிப்போனார். முற்றம் சரியில்லை என்று வாயடித்த மனிதர், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். ஒவ்வொரு நாளும் உள்ளே வந்ததும் ரமீஸாவிடம் மெதுவாக, "இண்டைக்கு என்ன கிழமை மகள், என்ன திகதி?" என்று கேட்பார். அவள் சொன்னதை உதட்டுக்குள் இரண்டு தரம் சொல்லிக்கொள்வார். நான் அதைக் கோப்பில் எழுதினேன்: ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். நோயின் அடையாளம் என்று நினைத்து எழுதினேன். இன்றைக்கும் அந்த வரியை நினைத்தால் என்னையே அறையவேண்டும் போல் இருக்கும்.

முடிவில் ஞாபக டெஸ்டை மறுபடி எடுத்தோம். இந்த முறை காலையில், கிளினிக்கில். கிழமையும் திகதியும் கேட்கும் முன்பே சொன்னார். ஒரே ஒரு சொல் மட்டும் விடுபட்டது. டொக்டர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மிஸ், இந்தக் கோட்டைப் பாருங்கோ! எங்கையிருந்து எங்கை போயிருக்கு! எங்கட ஆக்களில இப்பிடி ஒருத்தரும் ஏறேல்லை."

ரமீஸா தொதல் வாங்கி வந்தாள். எல்லோருமாகத் தின்றோம். கடிதத்தை எழுதிப் பரீனாவிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"மிஸ், பஞ்சு வெச்சதால வந்த ஞாபகம்தானே இது. அங்க போய் அது இறங்கினா? பெட்டியையும் கட்டிக்கிட்டா போற?"

எத்தனை நாள் நிற்கும் என்று டொக்டருக்கே தெரியாது. "இந்த முறை வேணாம்" என்றார் பரீனா. கூட்டத்தின் பேர்ப் பட்டியல் மூட இன்னும் ஒரு கிழமை இருந்தது. நான் ஓவசியரைப் பார்த்தேன். இப்போது ஒரு சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன்.

"மகள் சொல்றதுதான் சரி" என்றார், தொப்பியைத் தலையில் வைத்தபடி.

5. வெள்ளி ராவு

ரமீஸா புது வீடு கட்டி முடித்திருந்தாள். "மிஸ், வெள்ளி ராவு குடி போறம். மஃரிபுக்குப் பொறகு ஓதி, சாப்பாடு. கட்டாயம் வரணும், வராட்டி மொகத்தில முழிக்க மாட்டன்." வியாழன், வெள்ளி இரண்டு நாளும் லீவு போட்டிருந்தாள். சமையல் வேலைக்கு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பொழுதுபட நல்ல சேலை உடுத்து, ஒரு பெரிய பிளாஸ்க் வாங்கிப் பொதி செய்துகொண்டு போனேன். வாசலில் ஒரு சனமும் இல்லை. கூடாரக் கம்புகளை இரண்டு பேர் லேண்ட்மாஸ்டர் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரமீஸா பழைய சட்டையோடு சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை இடுப்பில் வைத்தாள்.

"என்ன மிஸ், இப்ப வாறீங்க? நேத்து முழுக்கப் பாத்துப் பாத்துக் கண் பூத்துப் போச்சு!"

"நீதானே வெள்ளி எண்டு சொன்னாய்?"

"வெள்ளி ராவு எண்டு சொன்னன். வெள்ளி ராவு எண்டா நேத்துத்தானே! வியாழன் பொழுதுபட்டா வெள்ளி வந்திரும் மிஸ். எங்களுக்கு ராவுதான் முன்னுக்கு, பகல் பொறகு."

பிளாஸ்கோடு நின்ற இடத்திலேயே நின்றேன். காரைதீவுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள் நான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாய்ந்தமருது. வெள்ளி ராவு என்று என் காதில் ஆயிரம் தரம் விழுந்திருக்கும். வெள்ளிக்கிழமை இரவைத்தான் சொல்கிறார்கள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"ரமீஸா, வியாழன் மஃரிபுக்குப் பொறகு ஒரு ஆளிட்ட இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேட்டா?"

"நாங்களெண்டா வியாழன் எண்டும் சொல்லுவம், வெள்ளி எண்டும் சொல்லுவம். வயசான ஆக்கள், பள்ளிக்குப் போய்வாற ஆக்கள், வெள்ளி எண்டுதான் சொல்லுவாங்க. ஏன் மிஸ், மொகம் ஒரு மாதிரி இரிக்கு?"

"இப்பதானே பிறந்திருக்கு எண்டா?"

"பிறைதான். தலப்பிறை கண்டா மாசம் பிறந்திட்டு எண்டுதானே சொல்ற. அண்டைக்கு ஒண்டு."

புது வீட்டுச் சுவரில் பள்ளிவாசல் கலண்டர் தொங்கியது. அவளையே பார்க்கச் சொன்னேன். நான் ஓவசியர் வீட்டுக்குப் போன அந்த வியாழன் பின்னேரம் ரஜப் மாதத் தலைப்பிறை. அவர் கிழமையும் சரி, திகதியும் சரி. அந்த அறையில் அன்றைக்கு நாள் தெரியாமல் இருந்த ஆள் நான்தான்.

ரமீஸா நேற்றைய சோற்றைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு வாய் தின்றுவிட்டு எழும்பிவிட்டேன்.

6. டொக்டரின் கோடு

திங்கட்கிழமை டொக்டரிடம் போனேன். "டொக்டர், அந்தக் கோடு பொய். கீழ இருக்கிற முனை நான் போட்ட பிழை" என்று முழுக்கதையையும் சொன்னேன்.

அவர் முகம் செத்துப்போனது. அந்தப் படத்தைத் தன் பேராசிரியருக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தார். "ஏன் மிஸ் இப்ப வந்து சொல்லுறியள்?" என்று கத்தினார். நானும் கத்தினேன். "எனக்கே வெள்ளிக்கிழமைதான் தெரியும்! போனில நிண்டு நெருக்கினதும் நீங்கதான்!" பிறகு அவரே சொன்னார். "கிழமைக்கும் திகதிக்கும் உள்ள மார்க்கைத் திருத்தினாலும் காணாது. பயத்தில மிச்சமும் பிழைச்சிருக்கு. முதல் தாளையே நீக்கவேணும். நான் எழுதி அனுப்புறன்." அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை.

பஞ்சு வேலை செய்யுமா மிஸ் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். சிலருக்குச் செய்யலாம், சிலருக்குச் செய்யாது, ஆய்வு இன்னும் நடக்கிறது. ஓவசியருக்குப் போனது உண்மைக் கரண்டா பொய்க் கரண்டா என்று எனக்குத் தெரியாது. கால் தேறியதற்கு அந்தக் கதிரைச் சுற்று ஒரு காரணம் என்று மட்டும் துணிந்து சொல்வேன்.

7. தாள்

அன்று பின்னேரமே சாய்ந்தமருதுக்குப் போனேன். அஸர் தொழுது முடித்து ஓவசியர் கதிரையில் இருந்தார். பரீனா மேசையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஓவசியர், அண்டைக்கு நான் கிழமை கேக்கக்குள்ள நீங்க வெள்ளி எண்டு சொன்னீங்க."

அவர் தலையைக் குனிந்தார். "பிழைதான் மிஸ்."

"பிழை இல்ல. நான் வந்தது மஃரிபுக்குப் பொறகு. உங்கட கணக்கில அது வெள்ளி. திகதியும் சரி, தலப்பிறை. எனக்குத்தான் தெரியாமப் போச்சு. சைபர் எனக்குப் போட இருந்தது, உங்களுக்குப் போட்டிட்டன்."

பரீனாவின் சிவப்புப் பேனை நின்றது. "மிஸ்! அண்டைக்கு வெள்ளி இரவுதானே! நாங்க உள்ளுக்கு யாசீன் ஓதிக்கிட்டிருந்தம்! வாப்பா வெள்ளி எண்டா சொன்ன?"

"ஓம்."

"இத அண்டைக்குப் படலையடியில சொல்லியிருந்தா அந்த நிமிசமே சரி எண்டு சொல்லியிருப்பனே மிஸ்!"

"ஓம் புள்ள. வாப்பா என்ன சொன்னார் எண்டு சொல்லல்ல. தெரியல்ல எண்டு மட்டும் சொன்னன்."

ஓவசியரின் குரல் கடுமையாக இருந்தது. "ஒண்டரை மாசம் மிஸ். நீங்க படிச்ச ஆள், பிழை எண்டா பிழைதான் எண்டு நெனச்சன். மகளிட்டக் கேக்கவும் வெக்கம். ஒண்டரை மாசமா சுபஹுக்கு முழிச்சா மொத வேல, என்ட பேரைச் சொல்லிப் பாக்கிற. மறுகா மகள்ட பேர். மறுகா மௌத்தாப்போன மனுசிட பேர். எல்லாம் வந்தாத்தான் பாயை விட்டு ஒழும்புவன்."

சட்டைப் பையில் கை விட்டு நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பரீனாவின் முன்னால் வைத்தார். ஓவசியர் எழுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதியது. அவருடைய பேர், மகளுடைய பேர், வீட்டு விலாசம், போன் நம்பர். கடைசியில் ஒரு வரி: இவர் வழி தெரியாமல் நின்றால் தயவுசெய்து மேற்கண்ட இலக்கத்துக்கு அறிவிக்கவும்.

பரீனா அதை அதுவரை கண்டதில்லை. "வாப்பா" என்றார்.

"நீ போக வேணாம் எண்டு சொல்லக்குள்ள நான் ஏன் வாய் தொறக்கல்ல எண்டு நெனச்ச? அங்க வெச்சு மருமகனுக்கு நான் ஒரு சுமையாகிடக் கூடா."

எனக்கு அழுகை வந்தது. நோயாளிக்கு முன்னால் அழக்கூடாது என்று எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். அழுதேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொன்னேனோ தெரியாது, ஏதோ சொன்னேன்.

பிறகு அதே மேசையில் புதிய கடிதம் எழுதினேன். நினைவாற்றலில் கவலைப்பட ஒன்றுமில்லை, முதல் பரிசோதனையில் தவறு செய்தவர் பரிசோதித்த நான், பஞ்சு வைத்ததால் வந்த ஞாபகம் அல்ல என்று. ஓவசியர் கண்ணாடி போட்டு வாசித்து, நான் விட்ட ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தித் தந்தார். பரீனா வாசித்தார். கணவருக்குப் போன் எடுத்து, "வாப்பாட பேரைக் குடுங்க" என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தாளையும் கொண்டு போங்க வாப்பா. அந்தச் சனத்துக்குள்ள தேவைப்படும்" என்றார்.

"அங்க எல்லாருக்கும் கழுத்தில பேர் எழுதின அட்ட போடுவாங்க. ஒன்ட மாப்புளைக்கும் போடுவாங்க. அது எல்லாருக்கும் உள்ள" என்றார் ஓவசியர். "இது நான் எனக்கு மட்டும் எழுதின."

தாளை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே கிழிங்க மிஸ்."

கிழித்தேன். இரண்டாகக் கிழித்ததைப் பார்த்து, "இன்னும் சின்னதா" என்றார். நம்பர் வாசிக்க முடியாத அளவுக்குக் கிழித்தேன்.

அவர் போய் வந்தார். விழவில்லை. ஏழு சுற்றில் மருமகன்தான் கணக்கை விட்டுவிட்டார் என்று கிளினிக் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

பிள்ளைகள், போடவேண்டிய இடத்தில் சைபர் போடத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆள் சொன்ன சொல்லைப் பக்கத்தில் எழுதாமல் பேனையை மூடவேண்டாம். சொல் எழுதியிருந்தால் யாராவது ஒருத்தர் பார்த்து, இது பிழையில்லையே என்று சொல்ல வழி இருக்கும். நான் அதை எழுதவில்லை. ஒரு நொடியில் நான் போட்ட சைபரை அந்த மனிதர் ஒன்றரை மாதம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.